வானூர்திக் கண்ணும் ஒளி வடிப்பானும்: ஜேடர்பாளையம் காவிரிக் கரையை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

வடிகட்டுதல் என்னும் செயலைக் கல்வியோடு ஒப்பிட்டுப் பார்த்தது தமிழ் மரபு. மாணாக்கரின் இயல்பை வகுக்கப் புகுந்த நன்னூல், முதல் மாணாக்கருக்கு அன்னத்தையும் கடை மாணாக்கருக்கு நெய்யரியையும் உவமையாக்கியது. நெய்யரி என்பது பன்னாடை. அன்னம், நெய்யரி ஆகிய இரண்டும் வடிகட்டுவனவே. ஆயின் அன்னம் நீரை விலக்கிப் பாலைக் கொள்கிறது; பன்னாடையோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் தேக்கிக்கொள்கிறது. செயல் ஒன்றுதான், எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்னும் தெளிவில்தான் உயர்வும் தாழ்வும் அமைகின்றன.

இன்று திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் வயல்வெளிகளிலும் ஒளிப்படக் கருவியைச் சுமந்து பறக்கும் ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி பெருகிவிட்டது. அதன் வில்லையின் முன் பொருத்தப்படும் கட்டைவிரல் நகமளவான கண்ணாடித் துண்டே ஒளி வடிப்பான். 'பில்டர்' என்று கடைகளில் கேட்டு வாங்கப்படுவது இதுவே. இதனைப் பொருத்தினாலே படம் அழகாகிவிடும் என்று பலர் எண்ணுகின்றனர். வடிப்பான் படத்தில் எதனையும் சேர்ப்பதில்லை. ஒளியிலிருந்து ஒரு பகுதியை நீக்க மட்டுமே செய்கிறது. எதனை நீக்க வேண்டும் என்று அறிந்தவன் கையில் அது அன்னம். அறியாதவன் கையில் பன்னாடை. இக்கருத்தை ஜேடர்பாளையம் காவிரிக் கரையைக் களமாகக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. களம்

நாமக்கல் மாவட்டத்தில், பரமத்தி வேலூர்ப் பகுதியில், காவிரியின் கரையில் அமைந்த ஊர் ஜேடர்பாளையம். இங்குள்ள அணைக்கட்டும் அதனையொட்டிய பூங்காவும் சுற்றுவட்டார மக்கள் கூடும் இடங்கள். ஆடிப்பெருக்கு நாளில் இக்கரை மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடும். அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்ததாகப் போற்றப்படும் ராஜா வாய்க்கால் இங்கிருந்தே பிரிந்து செல்கிறது. அதன் பாசனத்தில் வாழையும் வெற்றிலையும் கரும்பும் தென்னையும் செழிக்கின்றன. கரும்பு வெட்டும் காலத்தில் ஆலைக் கொட்டகைகளிலிருந்து வெல்லம் காய்ச்சும் புகை எழுந்து பரவும்.

ஒளி வடிப்பானைக் கற்க விழையும் மாணவனுக்கு இதனினும் சிறந்த களம் அமைவது அரிது. பரந்த நீர்ப்பரப்பு, அணையைத் தாண்டி விழும் வெண்ணுரை, பளபளக்கும் வாழை இலை, பந்தலின் நிழலில் படரும் வெற்றிலைக் கொடி, புகை மூடிய காலைப்பொழுது, கண்ணைக் கூசும் சித்திரை நண்பகல் ஆகிய அனைத்தும் ஓரிரு கல் தொலைவுக்குள் கிடைக்கின்றன. இவை ஒவ்வொன்றும் வடிப்பானிடம் வெவ்வேறு வேலையை வேண்டுகின்றன.

2. ஒளியியல் வரலாற்றில் வடிப்பான்

பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதால்தான் பார்வை நிகழ்கிறது என்பதைச் சோதனைகளின் வழி விளக்கியவர், பஸ்றாவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த பேரறிஞர் இப்னு அல்ஹைதம். பதினோராம் நூற்றாண்டில் அவர் இயற்றிய 'கித்தாப் அல்மனாஸிர்' என்னும் ஒளியியல் நூல் பின்னர் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பிய அறிஞர்களுக்கும் வழிகாட்டியாயிற்று. இன்றைய ஒளிப்படக் கருவியின் கொள்கைக்கு அடித்தளமிட்டோருள் அவரும் ஒருவர்.

1808-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் மாலு, பாரிஸ் நகரின் லக்சம்பர்க் அரண்மனைச் சன்னல்களில் பட்டுத் திரும்பிய கதிரொளியைக் கால்சைட்டுப் படிகத்தின் வழியே நோக்கினார். படிகத்தைச் சுழற்றியபோது பிம்பங்களின் ஒளி மாறி மாறிக் கூடியும் குறைந்தும் தோன்றியது. எதிரொளித்த ஒளியின் அதிர்வுகள் ஒரு தளத்தில் ஒழுங்குபடுகின்றன என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. இதனையே நம் இயற்பியல் பாடநூல்கள் தளவிளைவு என்கின்றன. எந்தக் கோணத்தில் எதிரொளிக்கும் ஒளி முழுமையாகத் தளவிளைவு அடையும் என்னும் விதியை 1815-இல் புரூஸ்டர் வகுத்தார்.

இவ்விதியைக் கடலின் நடுவில் கருவியாக்கியவர் ஒரு தமிழர் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்கது. ஜேடர்பாளையத்தைக் கடந்து செல்லும் இதே காவிரி கீழ்நோக்கிச் சென்று தழுவும் திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்தவர் சர் சி.வி. இராமன். 1921-ஆம் ஆண்டு இங்கிலாந்திலிருந்து 'நர்குண்டா' என்னும் கப்பலில் அவர் தாயகம் திரும்பினார். கடலின் நீலம் வானத்தின் நீலம் எதிரொளிப்பதால் தோன்றுவதே என்பது அக்காலத்தில் ராலே பிரபு போன்ற பேரறிஞரும் கொண்டிருந்த கருத்து. இராமன், நிக்கல் பட்டகம் என்னும் தளவிளைவுக் கருவியின் வழியே புரூஸ்டர் கோணத்தில் கடலை நோக்கினார். வானத்தின் எதிரொளிப்பு மறைந்தது. ஆனால் கடலின் நீலம் மறையவில்லை. முன்னிலும் பொலிவாகத் தோன்றியது. நீலம் நீரிலிருந்தே சிதறி வருகிறது என்று அவர் துணிந்தார். மேற்பரப்பின் பளபளப்பை நீக்கியதால் ஆழத்தின் உண்மை தெரிந்தது.

1928 பிப்ரவரியில் அவரும் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணனும் இராமன் விளைவைக் கண்டபோதும் வடிப்பான்களே துணைநின்றன. கதிரொளியை நீல ஊதா வடிப்பான் வழியே திரவத்தினுள் செலுத்தி, சிதறிய ஒளியை மஞ்சள் பச்சை வடிப்பான் வழியே நோக்கினர். ஒன்று விடுவதை மற்றொன்று தடுப்பதால் எதுவும் தெரிந்திருக்கக் கூடாது. எனினும் மங்கிய ஒளிக்கீற்று ஒன்று தெரிந்தது. ஒளியின் நிறமே மாறியிருந்தது. 1930-ஆம் ஆண்டின் நோபல் பரிசுக்கு வழிவகுத்த அக்கீற்று, தள்ள வேண்டியதைச் சரியாகத் தள்ளியதால் கிடைத்ததாகும்.

3. வடிப்பான் வகைகள்

ட்ரோனுக்குரிய வடிப்பான்கள் பலவாயினும் அவற்றை நான்காக அடக்கலாம்.

முதலாவது, புற ஊதா வடிப்பான். இக்கால மின்னணுக் கருவிகளின் உணரியின் மேலுள்ள கண்ணாடி புற ஊதாக் கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால், இது வில்லையைத் தூசியிலிருந்தும் கீறலிலிருந்தும் காக்கும் உறையாகவே பயன்படுகிறது.

இரண்டாவது, ஒளிகுறைப்பான். எல்லா நிறங்களையும் ஏறக்குறையச் சமமாகக் குறைப்பதால் படத்தின் நிறம் மாறுவதில்லை. கடைக்காரர்கள் இதனை என்.டி. பில்டர் என்பர்.

மூன்றாவது, தளவிளைவு வடிப்பான். நீர், இலை, கண்ணாடி ஆகியவற்றின் மேற்பரப்புப் பளபளப்பைக் குறைப்பது. இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒரே கண்ணாடியில் இணைத்த கலப்பு வகைகளும் உள.

நான்காவது, குறுகிய நிறப்பட்டையை மட்டும் விடும் வடிப்பான். செவ்வொளி, அகச்சிவப்பு அண்மை ஒளி போன்றவற்றைத் தனித்தனியே அளக்கும் வேளாண்மைக் கருவிகளில் உணரியின் முன்னரே இவை பதிக்கப்பட்டிருக்கும். நலமான இலை செவ்வொளியை உறிஞ்சிக்கொண்டு, அகச்சிவப்பு அண்மை ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்புகிறது. இரண்டின் வேறுபாட்டை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பயிரின் செழுமை எண்ணாகக் கிடைக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே வாட்டத்தை உணர்த்த வல்லது இம்முறை.

திருமணப் படம் எடுப்போரும் பயிலும் மாணவரும் நாள்தோறும் கையாள்வன இரண்டாவதும் மூன்றாவதுமே. ஆதலின் அவற்றை விரிவாகக் காண்போம்.

4. ஒளிகுறைப்பான்: தேவையும் கணக்கும்

ஒளிப்படக் கருவிக்குள் புகும் ஒளியைக் கட்டுப்படுத்துவன மூன்று: வில்லையின் துளை, ஷட்டர் திறந்திருக்கும் நேரம், உணரியின் கூருணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண். சிறிய ட்ரோன்கள் பலவற்றில் துளை மாறாதது. ஐ.எஸ்.ஓ. எண்ணை 100-க்குக் கீழே குறைக்கப் பெரும்பாலும் இயலாது. எஞ்சியது ஷட்டர் நேரம் மட்டுமே. வெயில் மிகுந்தால் கருவி ஷட்டரை மிக வேகமாக மூடித் தன்னைக் காத்துக்கொள்ளும்.

நிலைப்படத்திற்கு இதனால் தீங்கில்லை. அசையும் படத்திற்கோ இது குறையாகும். நொடிக்கு 25 சட்டங்கள் எடுக்கும்போது ஒவ்வொரு சட்டத்திற்கும் 50-இல் ஒரு நொடி ஒளி விழுவது இயல்பான அசைவைத் தரும் என்பது திரைப்படத் துறையின் நெடுநாள் வழக்கம். 3200-இல் ஒரு நொடியில் எடுத்தால் ஒவ்வொரு சட்டமும் கத்தியால் அரிந்தாற்போல் கூர்மையாக இருக்கும். தொடர்ந்து ஓட்டும்போது அசைவு வெட்டி வெட்டித் தோன்றும். அணையில் விழும் நீர் நீராகத் தெரியாது. சிதறிய உப்புக் கற்களாகத் தெரியும்.

இனிக் கணக்கைக் காண்போம். தெளிந்த வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 எனில், எஃப் 16 துளைக்கு 100-இல் ஒரு நொடி பொருந்தும் என்பது பழைய ஒளிப்படக்காரர்களின் மனப்பாட விதி. ட்ரோனின் துளை எஃப் 2.8 எனக் கொள்வோம். 16, 11, 8, 5.6, 4, 2.8 என ஐந்து படிகள் துளை விரிந்துள்ளது. ஒவ்வொரு படியும் ஒளியை இரட்டிப்பதால் ஷட்டர் நேரம் 3200-இல் ஒரு நொடியாகிறது. நமக்கு வேண்டியது 50-இல் ஒரு நொடி. 3200-ஐ ஆறு முறை பாதியாக்கினால் 50 வரும். ஆறு படிகள் என்றால் 2-ஐ ஆறு முறை பெருக்கிய 64. எனவே வேண்டுவது என்.டி. 64.

வடிப்பானின் மேல் எழுதியுள்ள எண்ணின் பொருள் இதுதான்: என்.டி. 4 இரண்டு படிகளும், 8 மூன்றும், 16 நான்கும், 32 ஐந்தும், 64 ஆறும் குறைக்கும். வெயில் மெல்லிய மேகத்தால் மங்கினால் 32. நிழல் விழாத அளவு மேகம் மூடினால் 16. கருமேகம் சூழ்ந்தால் 8. கதிரவன் மேற்கே சாயும் வேளையில் ஒளி நிமிடத்திற்கு நிமிடம் குறையுமாதலின் 8 அல்லது 4-இல் தொடங்கி, பின்னர் வடிப்பானைக் கழற்றிவிடுவதே நன்று. எஃப் 1.7 போன்ற அகன்ற துளையுடைய கருவிகளுக்கு மேலும் ஒன்றரைப் படி அளவு வலிமை வேண்டும்.

மிகுதியான வடிப்பானும் தீங்கு செய்யும். 64 பொருத்திப் பறக்கும்போது பெருமேகம் மறைத்தால், தானியங்கி நிலையிலுள்ள கருவி ஐ.எஸ்.ஓ. எண்ணை உயர்த்திவிடும், படத்தில் புள்ளிகள் மலியும். அவ்வேளை ட்ரோனை இறக்கி வடிப்பானை மாற்றுவதே முறை.

5. தளவிளைவு வடிப்பான்: நீரும் இலையும்

நீர்ப்பரப்பில் எதிரொளிக்கும் ஒளி முழுத் தளவிளைவு அடையும் கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை. கருவியின் பார்வையைத் தொடுவானத்திலிருந்து 37 பாகை கீழே சாய்த்தால் இக்கோணம் அமையும். ட்ரோனின் திரையில் கருவியின் சாய்வு எண்ணாகவே காட்டப்படுவதால், கரையில் நிற்கும் ஒளிப்படக்காரருக்கு இல்லாத வசதி ட்ரோன் இயக்குநருக்கு உண்டு. இராமன் கப்பலின் மேல்தளத்திலிருந்து தேடிய கோணத்தை இவர் விரல் நுனியில் அமைத்துக்கொள்ளலாம். நேர் கீழே நோக்கினால் எதிரொளிப்பு தளவிளைவு அடைவதில்லை. ஆதலின் அங்கு இவ்வடிப்பான் பயன்படாது. ஒன்றிரண்டு படி ஒளியை வீணே விழுங்குவது மட்டுமே மிச்சம்.

இதனைப் பறக்கும்போது சுழற்ற இயலாது. தரையிலேயே திசையமைக்க வேண்டும். வடிப்பானைக் கையில் பிடித்து, ஏறத்தாழ அதே சாய்வில் ஆற்று நீரை அதன் வழியே நோக்கிச் சுழற்ற வேண்டும். பளபளப்பு மிகக் குறையும் நிலையில் மேல்விளிம்பைக் குறித்துக்கொண்டு, அவ்விளிம்பு மேலே வருமாறு பொருத்த வேண்டும். கிம்பல் எனப்படும் தாங்கி, கருவியைப் பக்கவாட்டில் சாயாமல் காப்பதால், ட்ரோன் எத்திசை திரும்பினும் நீரைப் பொறுத்தவரை இவ்வமைப்பு பெரும்பாலும் மாறாது. வானத்தின் நிலை வேறு. கதிரவனுக்குச் செங்கோணத்திலுள்ள வானப்பகுதியே மிகுந்த தளவிளைவு உடையதாகலின், ட்ரோன் சுழன்று திரும்பினால் வானின் நீலம் ஒரு புறம் கருத்தும் மறு புறம் வெளுத்தும் தோன்றும்.

வாழை இலையின் வெண்பளபளப்பு இவ்வடிப்பானால் அடங்கிப் பச்சை ஆழ்ந்து தெரியும். காற்றின் மெல்லிய மங்கலும் ஓரளவு விலகும். ஆயின் ஆலைக் கொட்டகையின் அடர்ந்த புகையை விலக்க இதனால் ஆகாது. காற்றின் மூலக்கூறுகள் சிதறச் செய்யும் ஒளிபோல், புகைத்துகள்கள் சிதறச் செய்யும் ஒளி தளவிளைவு அடைவதில்லை. வெள்ளக் காலத்துக் கலங்கல் நீரிலும் மேற்பரப்பின் பளபளப்பு நீங்குமேயன்றி அடித்தளம் தெரியாது.

இங்கு உயிரைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றைக் கூறியாக வேண்டும். தெளிந்த நீரில் பளபளப்பு நீங்கிய படம் ஆற்றின் மணற்படுகையைக் காட்டும். பார்ப்பவர் ஆழம் குறைவு என்று நம்பிவிடுவர். ஒளி விலகலால், நேர் கீழே நோக்கும்போது 4 மீட்டர் ஆழம் 3 மீட்டராகவே தோன்றும். சாய்வாக நோக்கினால் இன்னும் குறைவாகத் தோன்றும். வடிப்பான் பளபளப்பைத் தள்ளுமேயன்றி ஒளி விலகலைத் தள்ளாது. ஆற்றில் மூழ்கி இளைஞர் இறந்த செய்திகளைக் காவிரிக் கரை மக்கள் அடிக்கடி கேட்கின்றனர். அழகிய படம் ஒன்று 'இங்கே இறங்கலாம்' என்னும் அழைப்பாகிவிடலாகாது. இத்தகைய படத்தை வெளியிடுவோர் ஆழத்தைப் பற்றிய எச்சரிக்கையையும் உடன் தருதல் கடமையாகும்.

6. வடிப்பான் வேண்டாத இடம்

வயலையோ வாய்க்காலையோ அளப்பதற்காக வரிசையாக நிலைப்படங்கள் எடுத்து இணைக்கும் பணியில் ஒளிகுறைப்பான் தீங்கு செய்யும். ட்ரோன் நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் பறக்கிறது எனக் கொள்வோம். ஷட்டர் 50-இல் ஒரு நொடி திறந்திருந்தால் அதற்குள் ட்ரோன் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். வரப்பின் ஓரம் இழுபட்டு மங்கும். 1000-இல் ஒரு நொடியாயின் நகர்வு 8 மில்லிமீட்டர் மட்டுமே. திருமணப் படத்திற்கு அழகு தந்த அதே கண்ணாடி நில அளவையைக் கெடுத்துவிடுகிறது. எல்லை வழக்கிற்கோ பயிர்ச் சேதத்திற்கோ சான்றாகும் படங்களில் இப்பிழை நேர்ந்தால் அதன் இழப்பு உழவனுடையது.

அவ்வாறே, பயிரின் நலத்தைப் படத்தின் பச்சையால் மதிப்பிடுவோர் தளவிளைவு வடிப்பானோடு எடுத்த படத்தையும் அஃதின்றி எடுத்த படத்தையும் ஒப்பிடலாகாது. நிறம் மாறியது பயிராலா கண்ணாடியாலா என்று பிரித்தறிய இயலாமற் போகும்.

7. தேர்வும் பொருத்தலும்

வடிப்பானைத் தத்தம் ட்ரோனின் மாதிரிக்கென்றே செய்யப்பட்டதாக வாங்க வேண்டும். கிம்பலின் சிறு மோட்டார்கள் குறிப்பிட்ட எடைக்கே சமன் செய்யப்பட்டவை. கனம் கூடினால் படம் நடுங்கும். மோட்டாரும் சூடேறிப் பழுதாகும். மலிவான வடிப்பான்களில் படம் செந்நிறமோ பச்சை நிறமோ சாயக் காணலாம். வெள்ளைத் தாளை வடிப்பானோடும் அஃதின்றியும் ஒரே வெயிலில் படமெடுத்து ஒப்பிட்டால் இக்குறை புலப்படும். தொடங்குவோர்க்கு 8, 16, 32, 64 ஆகிய ஒளிகுறைப்பான்களும் ஒரு தளவிளைவு வடிப்பானும் போதும்.

மின்னிணைப்பை அணைத்த பின்னரே மாற்ற வேண்டும். ஒரு கையால் கிம்பலைத் தாங்கி, மறு கையால் மெல்லத் திருக வேண்டும். தூசியை முதலில் ஊதியோ தூரிகையாலோ நீக்கி, அதன்பின் மென்துணியால் துடைக்க வேண்டும். மணற்கரையில் வைத்து மாற்றுவதைத் தவிர்த்தல் நன்று. நீர்ப்பரப்பின் மேல் மிகத் தாழ்வாகப் பறப்பதும் தகாது. உயரத்தை அறியும் கீழ்நோக்கு உணரிகள் அலையாலும் எதிரொளிப்பாலும் ஏமாறக்கூடும்.

8. சட்டமும் பொறுப்பும்

இந்திய அரசு 2021 ஆகஸ்டில் வெளியிட்ட ட்ரோன் விதிகள், சுமையோடு சேர்ந்த மொத்த எடை 250 கிராமுக்கு மேற்படாதவற்றை நானோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரையுள்ளவற்றை மைக்ரோ என்றும் வகுத்தன. நானோ வகையை இயக்க விமானிச் சான்றிதழ் வேண்டா. மைக்ரோ வகையை வணிக நோக்கில் இயக்குவோர்க்கு அது வேண்டும். 249 கிராம் எடையுள்ள ட்ரோனில் ஒரு கிராமைத் தாண்டிய வடிப்பானைக் கூடுதலாகப் பொருத்தினால் அது மைக்ரோ ஆகிவிடும். சான்றிதழ் இன்றித் திருமணப் படம் எடுக்கும் இளைஞர் தம்மை அறியாமலே விதியை மீறியவராவார். வாங்கும் முன் வடிப்பானை நிறுத்துப் பார்ப்பது இதனால் இன்றியமையாதது. பறக்குமிடம் எம்மண்டலத்தில் உள்ளது என்பதை அரசின் வரைபடத்தில் பார்த்தும், அணைக்கட்டுப் பகுதியாயின் உரியவரிடம் அனுமதி பெற்றும் பறத்தல் வேண்டும். பச்சை மண்டலத்திலும் 400 அடியே உயர எல்லை. நீராடும் மக்களின் மேல், அவர்தம் இசைவின்றிப் பறந்து படமெடுத்தல் பண்பன்று.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், வடிப்பானைத் தேர்வதற்கு முன் எழுப்ப வேண்டிய வினா, 'எது விலை உயர்ந்தது' என்பதன்று. 'இப்படத்திலிருந்து நான் எதனை நீக்க விரும்புகிறேன், ஏன்' என்பதே எனத் தெளியலாம். அசைவு இயல்பாக வேண்டின் மிகை ஒளியைக் குறைக்கலாம். நீரின் உட்புறம் வேண்டின் பளபளப்பை விலக்கலாம். அளவை வேண்டின் எதனையும் பொருத்தாதிருக்கலாம். இம்மூன்றையும் பகுத்தறியும் ஆற்றல் கடையில் விற்கப்படுவதில்லை, கல்வியால் வருவது.

அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ஆளில்லா வானூர்தி ஆய்வு நடைபெறுகிறது. 2022-இல் தமிழக அரசு இதற்கெனத் தனிக் கழகமே கண்டது. இத்துறையில் நம் சிற்றூர் மாணவர்க்கும் இடமுண்டு. இராமனிடம் இருந்தது ஒரு சிறு பட்டகமும் ஒரு பெரிய வினாவுமே. வாழைத் தோட்டத்தின் நடுவே நின்று வானூர்தியை ஏவும் இளைஞரிடம் கருவி இருக்கிறது; வினாவும் உடன் இருக்குமாயின் ஜேடர்பாளையத்துக் காவிரியும் அவர்க்கு ஓர் ஆய்வுக்கூடமாகும் எனத் துணிந்து கூறலாம்.